ஆய்வக வேலையிலிருந்து டெக்னிக்கல் ரைட்டிங்: எங்கே தொடங்குவது?

கேட்டவர்: ஆய்வக நோட்டு

வணக்கம். மருத்துவ ஆய்வகம் ஒன்றில் 8 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். நடுவில் எப்படியோ எஸ்.ஓ.பி. (ஒரு வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று சொல்லும் தாள்) எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. இன்று எங்கள் ஆய்வகத்தில் புழங்கும் எஸ்.ஓ.பி.க்களில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. ரத்தக் குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜை இயக்குவது, பரிசோதனை செய்யும் அனலைசரைக் காலையில் தயார் செய்வது, குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்து வைப்பது என்று எல்லாம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னைக் கூப்பிடாமல் அந்தத் தாளைப் பார்த்தே வேலையை முடித்துவிட்டால், அன்றைக்கு முழுக்க மனது நிறைவாக இருக்கும்.

இதையே, அதாவது கருவிகளுக்கும் மென்பொருள்களுக்கும் வழிமுறை எழுதும் டெக்னிக்கல் ரைட்டிங்கை, தொழிலாக, ஃப்ரீலான்ஸாகச் செய்ய ஆசைப்படுகிறேன். தேடிப் பார்த்தால் சான்றிதழ் வகுப்பு விளம்பரங்கள்தான் கொட்டுகின்றன. எதில் சேருவது, சேரத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. பத்துப் பதினைந்து மென்பொருள்களின் பெயரைச் சொல்லி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். என் ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்கும், ஆனால் நயமாக எழுத வராது. ஏ.ஐ. வந்த பிறகு இந்த வேலையே இருக்காது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேலையை விடாமல் இரவில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும். இந்தத் துறையில் இருப்பவர்கள், முதல் ஆறு மாதம் நான் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.


பதில்: மூன்றாம் வரைவு

வணக்கம் தங்கச்சி. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே டெக்னிக்கல் ரைட்டர்தான். அதற்குக் கூலி வாங்கும் வழிதான் இன்னும் அமையவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சொன்னால் பயிற்சி பற்றி நான் ஏன் இப்படி நினைக்கிறேன் என்று புரியும். 6 வருடம் பம்ப் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தேன். ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே புகார்: மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் பாகம்) எரிந்துவிட்டது. சென்ட்ரிஃபியூகல் பம்பை உள்ளே நீர் இல்லாமல் ஓட்டினால் சீலின் இரண்டு முகங்களும் வெறுமனே உரசிச் சூடேறிக் கெட்டுவிடும். அது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் மேனுவலை என் முன்னால் விரித்து வைத்து, "இதில் இருக்கிறபடிதானே தம்பி செய்தேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். 4ஆம் படி: சுவிட்சைப் போட்டு பம்பை இயக்கவும். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: குறிப்பு, இயக்கும் முன் பம்பின் உள்ளே நீர் நிரப்பியிருக்க வேண்டும்.

அவர் 4ஆம் படியைப் படித்தார், சுவிட்சைப் போட்டார், பிறகு குறிப்பைப் படித்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, தகவலும் சரி, இலக்கணமும் சரி. வரிசை மட்டும் தப்பு. அன்றைக்கு இரவே அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். நீர் நிரப்புவதை 3ஆம் படியாக்கினேன், நிரம்பியதற்கு என்ன அடையாளம் என்பதையும் சேர்த்தேன்: காற்று வெளியேறும் துளையில் குமிழி இல்லாமல் நீர் வழிய வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஆவணப் பிரிவில் ஆள் தேவை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே 5 வருடம், அதன் பிறகு ஃப்ரீலான்ஸாக 9 வருடம்.

அதனால் பயிற்சி என்று கேட்டால், என் பதில் இது. ஒரு பொருளை எடுங்கள், அதற்கு ஒரு வழிமுறை எழுதுங்கள், அந்தப் பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்தி, வேறொருவரிடம் கொடுங்கள். மூன்று பேரிடம் இப்படிச் செய்தால் எந்தச் சான்றிதழ் வகுப்பும் தராத ஒன்று கைவரும். வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. எனக்கு இன்றைக்கும் கடினம்.

பணம் கட்டி வகுப்பில் சேர வேண்டாம் என்பது என் கருத்து, இப்போதைக்காவது. கூகுள் "டெக்னிக்கல் ரைட்டிங் ஒன்", "டூ" என்று இரண்டு பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. மென்பொருள் பொறியாளர்களுக்காக எழுதியவை என்றாலும் செயப்பாட்டு வினை, நீண்ட வாக்கியத்தை உடைப்பது, பட்டியல் எப்போது போடுவது போன்றவை எல்லாத் துறைக்கும் பொருந்தும். உங்கள் ஒன்றரை மணி நேரக் கணக்கில் ஒரு வாரம் போதும்.

அடுத்தது நீங்கள் கவலைப்படும் ஆங்கிலம். ஏ.எஸ்.டி-எஸ்.டி.இ.100 என்று ஒரு தரநிலை உண்டு. விமானப் பராமரிப்பு மேனுவல்களை ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்கும் தப்பில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1980களில் உருவானது. படிப்படியான வழிமுறையில் ஒரு வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. விளக்கப் பகுதியில் 25. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். உதாரணமாக "ஃபாலோ" என்ற சொல்லை "பின்னால் வருவது" என்ற பொருளில் மட்டும்தான் எழுதலாம், "விதியைக் கடைப்பிடி" என்ற பொருளில் எழுதக் கூடாது, அதற்கு "ஒபே" என்றே எழுத வேண்டும். கேட்டால் இலவசமாகவே அனுப்பி வைப்பார்கள். அதை ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள். நயமாக எழுதத் தெரியாதது இந்த வேலைக்குக் குறையே இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நயமாக எழுதிப் பழகியவர்களுக்கு அதை விடுவதற்கே ஒரு வருடம் ஆகிறது, நான் சொல்லிக் கொடுத்த சிலரிடம் பார்த்திருக்கிறேன்.

எச்சரிக்கைச் சொற்களை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள், ஏனென்றால் இதில் தப்பு செய்தால் ஆளுக்கே ஆபத்து. ஏ.என்.எஸ்.ஐ. இசட்535 என்ற அமெரிக்க எச்சரிக்கைத் தரநிலை வரிசையில் "டேஞ்சர்" என்றால் தவிர்க்காவிட்டால் மரணமோ பெரிய காயமோ நிச்சயம். "வார்னிங்" என்றால் அப்படி நேரக் கூடும். "காஷன்" என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம். பொருளுக்கு மட்டும் சேதம் என்றால் "நோட்டீஸ்". என் பம்ப் கதையில் இருந்திருக்க வேண்டியது அந்த நோட்டீஸ்தான், அதுவும் படிக்கு மேலே. உங்கள் எஸ்.ஓ.பி.க்களை எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழலும் ரோட்டர் முழுக்க நிற்கும் வரை மூடியைத் திறக்காதே என்ற வரி, மூடியைத் திற என்ற வரிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஏ.ஐ. பற்றி. ஒருவர் எழுதியதை வெறுமனே மெருகேற்றித் தரும் வேலைகள் எனக்கு வருவது குறைந்துவிட்டது, அது உண்மை. ஆனால் குமிழியில்லாமல் நீர் வழிவதைப் போய்ப் பார்த்து வர ஒரு ஆள் வேண்டும். பொறியாளரிடம் "இந்த வால்வைத் திறக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டு, அவர் ஒரு நிமிடம் யோசித்து "அட, அதை நாங்கள் சோதிக்கவில்லையே" என்று சொல்வதைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு பதில் வந்த நாளில் நான் எழுதிய வரிகளைவிட அந்தக் கேள்விக்காகத்தான் எனக்குப் பணம் கொடுத்தார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கருவியைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. க்ளையன்ட் எழுத்தில் அனுமதி தராமல் அவர்களுடைய ரகசியத் தகவலை மட்டும் அதில் ஒட்டாதீர்கள்.


பதில்: கட்டளை வரி

மேலே அண்ணன் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நான் மென்பொருள் பக்கத்து ஆள், அந்தப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பத்துப் பதினைந்து மென்பொருள் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் பயப்படாதீர்கள். அது இரண்டு உலகங்களைக் கலந்து போட்ட பட்டியல். ஒன்றில் மேட்கேப் ஃபிளேர், ஃபிரேம்மேக்கர் என்ற கையேடு எழுதும் மென்பொருள்களும் டிட்டாவும். இயந்திரம், மருத்துவக் கருவி, விமானம் போன்ற இடங்களில் இவை அதிகம். டிட்டா என்பது 2005இல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரநிலையாக ஆன எக்ஸ்.எம்.எல். முறை, அதாவது உரையைக் குறிச்சொற்களோடு தனித்தனித் துண்டுகளாக எழுதி வைப்பது. ஒரே எச்சரிக்கையை ஒரு இடத்தில் எழுதி நாற்பது மேனுவலில் பயன்படுத்தலாம். இன்னொரு உலகம் மார்க்டவுன் (எளிய குறிகளோடு உரை எழுதும் முறை), கிட் (கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி), ஸ்பிங்க்ஸ், டாக்குசாரஸ் (அந்த உரையை இணையப் பக்கங்களாக்குபவை). நிரல் எழுதுகிறவர்கள் எப்படிக் கோப்புகளைக் கையாளுகிறார்களோ அப்படியே ஆவணத்தையும் கையாளுவது. மார்க்டவுன் ஒரு மாலையில் வந்துவிடும். கிட் அவ்வளவு சீக்கிரம் வராது, ஆனால் நமக்கு வேண்டியது தனியாக வேலை செய்யக் கிளை பிரிப்பது, மாற்றத்தைப் பதிவு செய்யக் கமிட் செய்வது, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது, இருவருடைய மாற்றங்கள் மோதினால் தீர்ப்பது, அவ்வளவுதான்.

வேலை கேட்கும்போது காட்ட எனக்கு இருந்த முதல் மாதிரி ஒரே ஒரு வரி. திறமூல (யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) மென்பொருள் ஒன்றைப் புதுக் கணினியில், அவர்களுடைய நிறுவல் பக்கத்தை மட்டும் பார்த்து, என் அறிவு எதையும் கலக்காமல் நிறுவ முயன்றேன். 5ஆம் படியில் "கோப்பு இல்லை" என்று நின்றது. மாதிரி அமைப்புக் கோப்பை நகலெடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பதை எழுத மறந்திருந்தார்கள், அவர்கள் எல்லோருடைய கணினியிலும் அது ஏற்கெனவே இருந்ததால். அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதே திட்டத்தில் பிழைச் செய்திகள் பக்கத்தை முழுக்க எழுதினேன். என் முதல் க்ளையன்ட் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மின்னஞ்சல் அனுப்பினார். இப்படிப்பட்ட திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் "டாக்குமென்டேஷன்", "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்ற லேபிள்களில் தேடுங்கள். உங்கள் துறைக்கே ஆய்வகத் தகவல் மேலாண்மைக்கான திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன, அதை நிரலாளர்களைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

வெற்றுத் தாளைப் பார்த்தால் கை ஓடவில்லை என்றால் குட் டாக்ஸ் புராஜெக்ட் என்ற திட்டத்தின் ஆவண வார்ப்புருக்களை எடுத்துக்கொள்ளலாம். ரைட் த டாக்ஸ் என்ற, ஆவணம் எழுதுகிறவர்களின் சமூகம் 2013 முதல் இருக்கிறது. அவர்களுடைய ஸ்லாக் அரட்டைக் குழுவில் சேருங்கள், வேலை அறிவிப்புகளுக்கென்றே தனி சேனல் உண்டு. முதல் மாதம் சும்மா படியுங்கள், அதுவே ஒரு வகுப்பு.


ஆய்வக நோட்டு

அண்ணா, இருவருக்கும் நன்றி. சென்ட்ரிஃபியூஜ் எஸ்.ஓ.பி.யை இன்று காலை எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில், "பொதுக் குறிப்புகள்" என்ற தலைப்பில் இருந்தது. நான் எழுதியதுதான். மதியமே மாற்றி, பதிப்பு எண் ஏற்றி, ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். ஆய்வகத்துக்காக எழுதிய எஸ்.ஓ.பி.க்களைப் பெயரை மட்டும் அழித்துவிட்டு மாதிரியாகக் காட்டலாமா? அப்புறம், கட்டணம் எப்படிச் சொல்வது? பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பதுதான் வழக்கம் என்று ஒருவர் சொன்னார்.


பதில்: மூன்றாம் வரைவு

எஸ்.ஓ.பி.க்களைக் காட்டாதீர்கள். பெயரை அழித்தாலும் அவை ஆய்வகத்தின் சொத்து. அது மட்டுமில்லை, முந்தைய இடத்து ஆவணத்தை எடுத்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால், நாளைக்கு நம்முடையதும் இப்படித்தான் வெளியே போகும் என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும். உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு கருவியை எடுத்து முழுக்கப் புதிதாக எழுதுங்கள்.

பக்கக் கணக்கு பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் என் முதல் ஃப்ரீலான்ஸ் வேலையை அப்படித்தான் எடுத்தேன். ஒரு நிறுவனம் 60 பக்க மேனுவல் ஒன்றைத் திருத்தி எழுதக் கேட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்டேன். எழுத 11 நாள் ஆனது. பிறகு நான்கு பொறியாளர்கள் தனித்தனியாகக் கருத்து அனுப்பினார்கள். ஒருவர் சேர்க்கச் சொன்னதை இன்னொருவர் நீக்கச் சொன்னார். நடுவில் கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்றினார்கள், எல்லாப் படமும் திரும்ப. மூன்று மாதம் இழுத்தது. கடைசியில் ஒரே விஷயம் மூன்று இடத்தில் இருந்ததையெல்லாம் ஒன்றாக்கி, நல்ல தெளிவான மேனுவலாகக் கொடுத்தேன். அது 38 பக்கம் வந்தது. 38 பக்கத்துக்குத்தான் பணம் தந்தார்கள். ஒப்பந்தப்படி அது சரி. நன்றாக எழுத எழுத நமக்குக் கூலி குறையும் ஒரு கணக்கை நானே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில் எத்தனை தலைப்பு என்று எண்ணுகிறேன்: நிறுவுதல், தினசரி இயக்கம், சுத்தம் செய்தல், பழுது கண்டறிதல் என்று. ஒவ்வொன்றுக்கும் விவரம் சேகரிக்க, எழுத, படம் எடுக்க, ரிவ்யூவில் திருத்த எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகப் போடுகிறேன். என் பழைய குறிப்பேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தால் எழுதுவது எப்போதும் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. கேட்பதும் காத்திருப்பதும் திருத்துவதும்தான் மீதி. உங்கள் முதல் மாதிரியிலிருந்தே நேரத்தைக் குறிக்க ஆரம்பியுங்கள். பிறகு முழு வேலைக்கும் ஒரே தொகை சொல்லுங்கள். என்ன அடங்கும், என்ன அடங்காது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. ரிவ்யூ இரண்டு சுற்று. கருத்துகளை அவர்கள் பக்கத்தில் ஒருவர் தொகுத்து, முரண்களை அவர்களே தீர்த்து, ஒரே கோப்பாகத் தர வேண்டும். வரைவு கொடுத்து 10 வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் அந்தச் சுற்று முடிந்ததாகக் கணக்கு. எழுதும்போது பொருளையே மாற்றினால் அது தனி வேலை, தனிக் கட்டணம். தொகை மூன்று தவணை: தொடங்கும் முன் 30 சதவீதம், முதல் வரைவுக்கு 40, முடிவில் 30. தகவல்கள் சரி என்று கையெழுத்துப் போடுபவர் அவர்கள் பொறியாளராக இருக்க வேண்டும், நீங்களாக இருக்கக் கூடாது. மருத்துவக் கருவி என்றால், இந்தக் கடைசி வரிக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலையையே விட்டுவிடலாம்.

கருவியை நேரில் தொட்டுப் பார்க்க எத்தனை மணி நேரம் தருவார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். படத்தை மட்டும் அனுப்பி எழுதச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. புதிதில் அப்படி மறுப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். வீடியோ அழைப்பிலாவது ஒருவர் கருவியை முதல் படியிலிருந்து கடைசிவரை இயக்குவதைப் பார்க்கக் கேளுங்கள்.


பதில்: சிவப்புப் பேனா

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன், ஆய்வகக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவு. உங்களைப் போன்றவர்களைத் தேடித் தேடிச் சலித்திருக்கிறோம் அம்மா, அதனால் எழுதுகிறேன்.

பழைய கட்டுரைகளில் எஸ்.டி.சி. (சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன்) என்ற அமெரிக்கச் சங்கத்தின் சான்றிதழ் வாங்கச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சங்கம் 1953 முதல் இருந்தது, 2025 ஜனவரியில் திவால் அறிவித்து மூடிவிட்டது. அந்த வழியைத் தேடி நேரம் போக்க வேண்டாம். சான்றிதழ் இருப்பதற்காக நான் யாரையும் எடுத்ததில்லை, இல்லாததற்காக விட்டதும் இல்லை.

மாதிரி வந்தால் நான் முதலில் பார்ப்பது பழுது கண்டறியும் பகுதி. அங்கே "கருவி இயங்கவில்லை என்றால் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று மட்டும் இருந்தால், எழுதியவர் கருவியோடு நேரம் செலவழிக்கவில்லை என்று தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு பொருளுக்குத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே பெயரா என்று பார்ப்பேன். 2ஆம் பக்கத்தில் "மூடி", 5ஆம் பக்கத்தில் "கவர்", 7இல் "மேல்தட்டு" என்று வந்தால், அவை மூன்று வெவ்வேறு உறுப்புகள் என்று மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொள்வார். எங்கள் கையேடுகள் இருபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போகின்றன, ஒரு சொல் பிசகினால் இருபது இடத்தில் பிசகும். மூன்றாவது, கற்றுக்கொடுப்பதையும் வேலை செய்யச் சொல்வதையும் கலந்திருக்கிறாரா என்பது. டானியெலே புரோசிடா என்பவர் டயாடாக்ஸிஸ் என்ற பெயரில் ஆவணங்களை நான்காகப் பிரித்திருக்கிறார்: புதியவருக்குக் கற்றுத்தரும் பாடம், தெரிந்தவருக்கான வழிமுறை, தேடிப் பார்க்கும் குறிப்பு, ஏன் என்ற விளக்கம். வழிமுறைக்கு நடுவில் சீரம் எப்படிப் பிரிகிறது என்று அரைப் பக்கம் விளக்கினால் கையில் குழாயோடு நிற்பவருக்கு எரிச்சல் வரும். அந்த விளக்கத்துக்கு வேறு இடம் உண்டு.

உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் ஒன்றைச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஓ. 15189 என்ற மருத்துவ ஆய்வகத் தரநிலையின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் வேலை செய்திருந்தால் ஆவணக் கட்டுப்பாடு, பதிப்பு, ஒப்புதல் எல்லாம் கைப்பழக்கமாக இருக்கும். அதோடு ஐ.எஸ்.ஓ. 18113 பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகப் பரிசோதனைக் கருவிகளோடு உற்பத்தியாளர் என்னென்ன தகவல் தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இதே கருவிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/746 விதிமுறையின் முதல் இணைப்பில் பயன்பாட்டு வழிகாட்டியில் இருக்க வேண்டியவை வரிசையாக வரும், அது இணையத்தில் இலவசம். லேபிள் குறியீடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15223-1. நேர்காணலில் இந்த மூன்றையும் சரியாகப் பேசும் ஒருவரும், கருவியை அன்றாடம் இயக்கிய ஒருவரும் ஒரே ஆளாக இருப்பது மிக அரிது. எல்லாத் துறைக்கும் எழுதுவேன் என்று போடாதீர்கள். ஆய்வகக் கருவிகளுக்கும் பரிசோதனைக் கிட்டுகளுக்கும் எழுதுவேன் என்று மட்டும் போடுங்கள்.


ஆய்வக நோட்டு (மூன்று வாரம் கழித்து)

சொன்னபடி செய்தேன். வீட்டில் இருக்கும் ரத்த அழுத்தமானியை எடுத்துக்கொண்டேன், மேல்கையில் கஃப் (காற்று நிரம்பும் பட்டை) சுற்றும் வகை. ஆங்கிலத்தில் 2 பக்கம் எழுதினேன். அதையே தமிழில் பெயர்த்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் இந்தக் கருவியைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"கஃபின் கீழ் விளிம்பு முழங்கைக்கு மேல் 2 செ.மீ. இருக்குமாறு சுற்றவும்" என்று எழுதியிருந்தேன். அத்தை கையை மடக்கி, பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து விரலால் அளந்தார். நான் சொல்ல நினைத்தது உள்பக்க மடிப்பு. 8 வருடமாக அந்த மடிப்பில்தான் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறேன், அதனால் முழங்கை என்றாலே எனக்கு அந்த இடம்தான். அத்தைக்கு முழங்கை என்றால் இடித்துக்கொள்ளும் எலும்பு. ஆங்கிலத்தில் "எல்போ" என்று எழுதியிருந்ததிலும் இதே குழப்பம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து, பட்டனை அழுத்தினார். அதற்குக் கீழ் வரியில் "அளவீடு முடியும் வரை பேசக் கூடாது" என்று இருந்தது. கஃப் இறுக்க ஆரம்பித்ததும் "என்னடி இப்படி இறுக்குது?" என்று கேட்டார், பிறகு கீழ் வரியைப் படித்தார். உங்கள் பம்ப் கதை அப்படியே என் வீட்டுக் கூடத்தில் நடந்தது, அண்ணா. இறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் இல்லை நான். எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டையும் திருத்தி அடுத்தவரிடம் கொடுத்தேன். அவர் கஃபைச் சரியாகச் சுற்றினார், ஆனால் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றினார். மூன்றாமவர் எங்கும் நிற்கவில்லை. மொத்தம் 19 மணி நேரம், அதில் எழுதியது 6. இதைப் போர்ட்ஃபோலியோவில் (க்ளையன்ட்டிடம் காட்டும் மாதிரித் தொகுப்பில்) வைக்கலாமா, இல்லை இன்னும் பெரிதாக ஒன்று வேண்டுமா?


பதில்: மூன்றாம் வரைவு

தாராளமாக வைக்கலாம் தங்கச்சி. பெரிதாக ஒன்றும் வேண்டாம். முதல் வரைவையும் கூடவே வையுங்கள், கடைசி வரைவை மட்டும் வைக்காதீர்கள். முழங்கை என்ற சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்பதை ஓரத்தில் மூன்று வரி எழுதுங்கள், இங்கே எழுதிய அதே மாதிரி. அதைப் படிக்கிற ஆவணப் பிரிவுத் தலைவர் யாராக இருந்தாலும் உங்களைப் பேச அழைப்பார்.

ஒரே ஒரு திருத்தம். "உடனே அளக்கவும்" என்று தொடங்கும் விதத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உட்கார்ந்து 5 நிமிடம் அமைதியாக இருந்த பிறகுதான் அளக்க வேண்டும், முதுகு சாய்ந்தும் பாதம் தரையில் பதிந்தும் இருக்க வேண்டும், கஃப் இதயத்தின் உயரத்தில். இது உங்களுக்கு உறக்கத்திலும் தெரியும், அதனாலேயே விட்டுப்போக வாய்ப்பு உண்டு. இருந்தால் சரி.

அடுத்த மாதிரிக்கு, அதே கருவியின் பிழைச் செய்திகளை எடுங்கள். சிவப்புப் பேனா முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான் என்று சொல்லியிருக்கிறார். கஃபைத் தளர்வாகச் சுற்றினால் திரையில் என்ன வருகிறது, நடுவில் கையை அசைத்தால் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எழுதுங்கள். முடிந்ததும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.


பதில்: சிவப்புப் பேனா

அந்தப் பிழைச் செய்திப் பக்கத்தை எனக்கும் தனிச் செய்தியில் அனுப்புங்கள் அம்மா. அடுத்த மாதம் சிறிய அனலைசர் ஒன்றுக்கு விரைவுக் கையேடு எழுத ஆள் தேவைப்படும். 4 பக்கம்தான், கருவியை ஒரு வாரம் உங்களிடமே விட்டுவைப்போம்.